அரக்கனுக்கு ஒரு தோழன்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

தட்டையான தலை, கழுத்தின் இருபுறமும் இரும்பு முளைகள், பாதி மூடிய கனத்த இமைகள், குட்டைக் கோட்டின் கைகளை மீறித் தொங்கும் நீண்ட கரங்கள். இந்த உருவத்தை எங்கே பார்த்தாலும் நம்மில் பலர் 'பிராங்கன்ஸ்டைன்' என்று சொல்லிவிடுகிறோம். அது தவறு. பிராங்கன்ஸ்டைன் என்பது அந்த உருவத்தைச் செய்த விஞ்ஞானியின் பெயர். செய்யப்பட்டவனுக்குப் பெயரே கிடையாது. 1818-ஆம் ஆண்டு மேரி ஷெல்லி என்ற இளம்பெண் வெளியிட்ட நாவலிலும் இல்லை. 1931-இல் வந்த திரைப்படத்திலும் இல்லை. படத்தின் தொடக்கத்தில் நடிகர்களின் பெயர்கள் வரும்போது, அரக்கனாக நடித்தவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறியைத்தான் போட்டிருந்தார்கள்.

அந்த உருவத்தைத் திரையில் நடமாட விட்ட இயக்குநர் ஜேம்ஸ் வேல். தமிழில் எழுதினால் முருகன் கை வேல் போலத் தோன்றும். அவர் மொழியில் அச்சொல்லுக்குத் திமிங்கிலம் என்று பொருள். 'பிராங்கன்ஸ்டைன்', 'கண்ணுக்குத் தெரியாத மனிதன்', 'பிராங்கன்ஸ்டைனின் மணமகள்' ஆகிய மூன்று படங்களும் அவர் இயக்கியவை. அறிவியல் புனைகதைத் திரைப்படங்களின் வரலாற்றை யார் எழுதப் புகுந்தாலும் இம்மூன்றையும் தொடாமல் எழுத முடியாது. வேல், ஆண்களை நேசித்த ஆண். தன்பால் ஈர்ப்பு என்று இன்று நாம் அதைக் குறிப்பிடுகிறோம். இன்றைய அறிவியல் கதைகளிலும் மாயக் கதைகளிலும் தன்பால் ஈர்ப்புடைய பாத்திரங்கள் வெளிப்படையாக உலவுகிறார்கள். அவர் படமெடுத்த காலத்திலோ அமெரிக்கத் திரையில் அப்படி ஒருவரைக் காட்டக்கூடாதென்று விதியே எழுதி வைத்திருந்தார்கள். அந்த விதியின் கீழ் அவர் என்ன செய்தார் என்பதும், தம் சொந்த வாழ்வில் எதை மறைத்தார், எதை மறைக்கவில்லை என்பதும் எண்ணிப் பார்க்க வேண்டியவை.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் டட்லி என்றோர் ஊர். சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கங்கள், இரும்பு ஆலைகள். புகை படிந்த அந்த வட்டாரத்துக்கே 'கறுப்பு நாடு' என்று பெயர். அங்கே 1889-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள், ஏழு குழந்தைகளில் ஆறாவதாக ஜேம்ஸ் பிறந்தான். தந்தை ஊது உலைத் தொழிலாளி. பள்ளி வேதியியலில் நாம் படம் வரைந்து, பாகங்களைக் குறித்து, மதிப்பெண் வாங்கிக்கொண்டு மறந்துவிட்டோமே, அதே ஊது உலைதான். அதன் அனலில் நின்று ஒரு மனிதர் ஏழு பிள்ளைகளை வளர்த்திருக்கிறார். தாய் செவிலி.

ஜேம்ஸின் பள்ளிப் படிப்பு பதின்ம வயதில் நின்றது. படிக்க வைக்கப் பணம் இல்லை. அவன் உழைப்பும் வீட்டுக்குத் தேவைப்பட்டது. அவ்வூர்ப் பிள்ளைகளெல்லாம் போகிற சுரங்கத்துக்கும் ஆலைக்கும் அவன் உடல் வலுக் காணாது. ஆகவே செருப்புத் தைக்கப் போனான். பழைய அடித்தோலை மாற்றும்போது பிடுங்கிப் போடுகிற ஆணிகளைப் பொறுக்கிச் சேர்த்துப் பழைய இரும்புக்காரனிடம் விற்றான். கையெழுத்து அழகாக இருந்ததால் அக்கம்பக்கத்தாருக்கு விளம்பரப் பலகைகளும் விலைச்சீட்டுகளும் எழுதிக் கொடுத்தான். இப்படிச் சேர்ந்த காசைக் கட்டி டட்லி கலைப் பள்ளியின் மாலை வகுப்பில் சேர்ந்தான்.

இந்த இடத்தைப் படித்தபோது கடல் கடந்த கதை என்றே எனக்குத் தோன்றவில்லை. தேர்தல் காலத்தில் சுவரெழுத்து எழுதிப் பருவக் கட்டணம் கட்டிய நண்பர் ஒருவர் என் வகுப்பில் இருக்கிறார். மாலையில் துணிக்கடையில் நின்று, பிரித்த சேலைகளை மடித்து வைத்துவிட்டு இரவு பத்து மணிப் பேருந்தில் ஊர் திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். ஆணி பொறுக்கிய அந்தச் சிறுவன் அவர்களுக்கு அந்நியன் ஆகமாட்டான்.

முதல் உலகப் போர் அவரை ஊரிலிருந்து பெயர்த்து எடுத்தது. 1915-இல் படையில் சேர்ந்தார். 1916-இல் வொர்ஸ்டர்ஷயர் படைப்பிரிவில் அதிகாரி ஆனார். 1917 ஆகஸ்டில் பிளாண்டர்ஸ் போர்க்களத்தில் ஜெர்மானியரிடம் பிடிபட்டார். ஹோல்ஸ்மிண்டன் என்னுமிடத்திலிருந்த கைதி முகாமில் அடைத்தார்கள். அந்த முகாமில்தான் அவர் வாழ்க்கை திரும்பியது. பொழுதுபோகாத அதிகாரிகள் நாடகம் போட்டார்கள். வேல் நடித்தார், அரங்கம் அமைத்தார், இயக்கினார். ஆளில்லாத சிறைக்குள் ஓர் உலகத்தையே அட்டையாலும் துணியாலும் உண்டாக்க முடியும் என்று கண்டுகொண்டார். சீட்டாட்டத்திலும் கெட்டிக்காரர். உடனிருந்த வசதியான அதிகாரிகள் தோற்றுத் தோற்றுக் கடன்சீட்டு எழுதித் தந்தார்கள். போர் முடிந்து வந்ததும் அவற்றையெல்லாம் மறவாமல் பணமாக மாற்றிக்கொண்டார்.

விடுதலையாகி ஊர் திரும்பியவர் கேலிச்சித்திரம் வரைந்து பிழைக்கப் பார்த்தார். இரண்டு படங்கள் விலை போயின, அதோடு சரி. பிறகு நாடகக் குழுக்களில் சேர்ந்து சிறு வேடம், அரங்க அமைப்பு, மேடை நிர்வாகம் என்று பத்தாண்டுகளைக் கழித்தார். அந்தப் பத்தாண்டுகளில் சொல்லும்படியான புகழ் எதுவும் அவரைத் தேடி வரவில்லை.

1928-ஆம் ஆண்டு வந்தது வாய்ப்பு. காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்துவந்த ஆர். சி. ஷெரிப் என்பவர் போர்க்குழியைப் பற்றி 'ஜர்னீஸ் எண்ட்' என்றொரு நாடகம் எழுதியிருந்தார். பெயர் பெற்ற இயக்குநர்கள் அதைத் தொட மறுத்தார்கள். போர் முடிந்து பத்தாண்டு ஆகிவிட்டது, இனி யார் அழப் போகிறார்கள் என்று நினைத்தார்கள் போலும். பெயர் பெறாத வேல் ஏற்றுக்கொண்டார். மண் கசியும் போர்க்குழியைத் தாமே மேடையில் வடிவமைத்தார். பின்னாளில் பெரும் புகழ் அடைந்த லாரன்ஸ் ஒலிவியே முதல் மேடையேற்றத்தில் நாயகனாக நடித்தார். அடுத்த ஆண்டு நாடகம் லண்டனில் நிரந்தர அரங்குக்கு மாறியபோது அந்த வேடத்தைக் காலின் கிளைவ் ஏற்றார். நாடகம் கடல் கடந்து நியூயார்க்கை அடைந்தது. வேலும் உடன் சென்றார். அதையே 1930-இல் திரைப்படமாகவும் எடுத்துக் கொடுத்தபின் அவர் நாடு திரும்பவில்லை, ஹாலிவுட்டில் தங்கிவிட்டார்.

அங்கே அவரைப் பார்த்தவர்கள் யாரோ பெரிய வீட்டுப் பிள்ளை என்றே நினைத்தார்கள். டட்லித் தெருவின் பேச்சு அவர் நாவிலிருந்து எப்போதோ போயிருந்தது. சீமான் வீட்டு ஆங்கிலம், தையல் பிசகாத உடை, கையில் சுருட்டு. பிறந்த ஆண்டைக்கூட அவ்வப்போது மாற்றிச் சொல்லுவார். ஊது உலையையும் செருப்புக் கடையையும் பற்றிப் பேசிக்கொண்டிருக்கவில்லை. இதற்காக அவர்மேல் குறை காண எனக்கு மனம் வரவில்லை. கல்லூரி விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்தருகே வரும்போது பேனா ஒரு நொடி தயங்குவதை அறிந்தவர்களுக்கு அது விளங்கும். ஆயினும் அது ஒரு மறைப்புத்தான்.

வயதையும் குலத்தையும் மறைத்த அம்மனிதர், எதை மறைத்தாக வேண்டும் என்று உலகமே சொன்னதோ அதை மறைக்கவில்லை. ஹாலிவுட்டுக்கு வந்த சிறிது காலத்தில் டேவிட் லூயிஸ் என்ற இளைஞரைச் சந்தித்தார். லூயிஸ் கதைப் பிரிவில் வேலை செய்து மெல்ல உயர்ந்து, பின்னர் தயாரிப்பாளர் ஆனவர். 1939-இல் வெளிவந்த 'டார்க் விக்டரி' அவர் பெயர் சொல்லும் படம். இருவரும் ஒரே வீட்டில் இணையராக வாழ்ந்தார்கள். அக்காலத்து நடிகர்கள் சிலர் ஊர் வாயை அடைக்க ஒரு பெண்ணைத் தேடி மணந்துகொண்டதுண்டு. வேல் அப்படிச் செய்யவில்லை. விருந்துகளுக்கு லூயிஸை அழைத்துச் சென்றார். படத்துறையில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கூட்டு வாழ்க்கை ஏறத்தாழ இருபதாண்டு நீடித்தது.

அது எவ்வளவு துணிச்சலான செயல் என்பதை அறியச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் 1885-இல் வந்த சட்டம், ஆண்கள் இருவரின் உறவுக்கு இரண்டாண்டுவரை சிறை விதித்தது. அச்சட்டத்தின்படிதான் 1895-இல் ஆஸ்கார் வைல்டு சிறை சென்றார். வேலுக்கு அப்போது ஐந்து வயது. கலிபோர்னியாவிலும் அவர் வாழ்ந்த காலம் முழுவதும் அது குற்றமே. நமக்கும் இது தொலைவான செய்தி ஆகாது. அதே ஆங்கிலேயர் 1860-இல் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு, மனமொத்த வயதுவந்தோரைத் தண்டிக்கலாகாது என்று 2018 செப்டம்பரில்தான் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இனிப் படங்களுக்கு வருவோம். யூனிவர்சல் நிறுவனம் முப்பது கதைகள் வரை அவர்முன் வைத்து, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னதாம். அவர் எடுத்தது 'பிராங்கன்ஸ்டைன்'. விஞ்ஞானியாக நடிக்கத் தம் நாடகத் தோழர் காலின் கிளைவை வரவழைத்தார். அரக்கனாக நடிக்க, நாற்பதைத் தாண்டியும் சிறு வேடங்களிலேயே அலைந்துகொண்டிருந்த போரிஸ் கார்லாபைத் தேர்ந்தார். கார்லாபின் இயற்பெயர் வில்லியம் ஹென்றி பிராட். அவருடைய தந்தை இந்தியாவில் உப்பு வரித்துறையில் பணியாற்றியவர். கார்லாபின் முகவெட்டைக் கண்டு வேல் தாமே ஓவியம் வரைந்து பார்த்தார். ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ் நாள்தோறும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் அம்முகத்தில் உழைத்தார். மாலை வகுப்பில் கற்ற ஓவியம் வீண்போகவில்லை.

இயற்பியல் மாணவன் என்ற முறையில் அந்த ஆய்வுக்கூடத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கென்னத் ஸ்டிரிக்பேடன் என்ற மின்கருவி வல்லுநர் அமைத்தது அது. உயர் மின்னழுத்தச் சுருள்கள், கொம்புபோல் விரிந்த கம்பிகளுக்கிடையே ஏறும் மின்பொறி, சுழலும் சக்கரங்கள். நம் ஆய்வகத்துத் தூண்டு சுருளில் ஒரு விரற்கடைப் பொறி பாய்ந்தாலே பின்வரிசையில் கூச்சல் எழுகிறது; அங்கே கூடமே மின்னுகிறது. நாவலில் இத்தகைய காட்சி கிடையாது. உயிர் கொடுத்த முறையை மேரி ஷெல்லி விவரிக்காமலே விட்டார். விஞ்ஞானியின் ஆய்வுக்கூடம் என்றவுடன் இன்று எல்லோர் மனத்திலும் எழும் படம் இந்தத் திரைப்படம் தந்தது. அதே கருவிகளை 1974-இல் வந்த ஒரு நகைச்சுவைப் படத்திலும் மீண்டும் பயன்படுத்தினார்கள்.

ஆனால் மின்பொறிகளைவிட என் நெஞ்சில் நிற்பவை வேறு இரண்டு காட்சிகள். உயிர் பெற்ற அரக்கன் இருட்டறையில் உட்கார்ந்திருக்கிறான். கூரையிலுள்ள சாளரத்தை விஞ்ஞானி திறக்கிறார். வெளிச்சம் விழுகிறது. அரக்கன் தலையை நிமிர்த்தி, எழுந்து, இரண்டு கைகளையும் தூக்கி அந்த ஒளியைப் பிடிக்கப் பார்க்கிறான். சாளரத்தை மூடிவிடுகிறார்கள். கைகள் வெறுமையாகக் கீழிறங்குகின்றன. வசனமே கிடையாது. பிறந்து சில நாளே ஆன ஒரு குழந்தையை நாம் பார்க்கிறோம் என்பது அந்த நேரத்தில் புரிகிறது.

மற்றொன்று ஏரிக்கரைக் காட்சி. எல்லோரும் அஞ்சி ஓடிய அரக்கனிடம் மரியா என்ற சிறுமி அஞ்சாமல் வந்து கைபிடித்து அழைத்துச் செல்கிறாள். பூக்களைத் தண்ணீரில் போட்டு மிதக்க விட்டு இருவரும் விளையாடுகிறார்கள். அவன் முதன்முறையாகச் சிரிக்கிறான். பூக்கள் தீர்ந்துவிடுகின்றன. அவளும் பூவைப்போல் மிதப்பாள் என்றெண்ணி அவளைத் தூக்கித் தண்ணீரில் போட்டுவிடுகிறான். மூழ்கியதைக் கண்டு பதறி ஓடுகிறான். இந்தக் காட்சி கொடூரமானது என்று தணிக்கைக்காரர்கள் அதன் முடிவை வெட்டினார்கள். விளைவு என்ன? அவன் கைகள் சிறுமியை நோக்கி நீள்கின்றன. அடுத்த காட்சியில் தந்தை மகளின் உடலைச் சுமந்து தெருவில் நடக்கிறார். இடையில் நடந்ததைப் பார்வையாளர் தாமே கற்பனை செய்துகொள்ள வேண்டும். நடந்ததைவிடப் பன்மடங்கு கேவலமான ஒன்றைத்தான் எவரும் கற்பனை செய்வர். ஏதும் அறியாதவனின் பிழை, வெட்டியபின் காமுகனின் குற்றம்போல் ஆயிற்று. வெட்டிய பகுதி 1980-களில்தான் படத்தில் மீண்டும் சேர்ந்தது. ஒருவனைப் பற்றிய உண்மையைக் காட்டவிடாமல் தடுத்தால் அவ்விடத்தை எது நிரப்பும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

1932-இல் 'பழைய இருட்டு வீடு' என்ற படத்தை எடுத்தார். மழையில் ஒதுங்கிய பயணிகள் ஒரு விசித்திரக் குடும்பத்திடம் மாட்டிக்கொள்ளும் கதை. அதில் 102 வயதுக் கிழவராக ஒரு மூதாட்டியை நடிக்க வைத்து, பெயர்ப்பட்டியலில் ஆண் பெயரைப் போட்டுவிட்டார். பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். ஆண், பெண் என்ற கோட்டை இப்படி விளையாட்டாகத் தாண்டுவது அவருக்குப் பிடித்தமான குறும்பு.

அடுத்த ஆண்டு எச். ஜி. வெல்ஸின் 'கண்ணுக்குத் தெரியாத மனிதன்'. திரைக்கதை எழுதியவர் நமக்கு முன்பே அறிமுகமான ஷெரிப். வெல்ஸின் நாவலில் விஞ்ஞானி தம் உடலின் ஒளிவிலகல் எண்ணைக் காற்றின் எண்ணுக்குச் சமமாக்கி மறைகிறான். கண்ணாடிக் குச்சியைக் கிளிசரினில் அமிழ்த்தினால் ஏறத்தாழக் காணாமல் போகிறதே, அதே தத்துவம். ஆனால் விழித்திரையும் ஒளியை விட்டுவிட்டால் அவனுக்குக் கண் தெரியாதே என்ற கேள்வியை நம் வகுப்பில் யாரும் கேட்டுவிடுவார்கள். திரையில் இவ்வித்தையைச் செய்த முறை எளிது. நடிகர் கிளாட் ரெயின்ஸ் உடலைக் கறுப்பு வெல்வெட்டால் மூடி, அதன்மேல் சட்டை அணிந்து, கறுப்பு வெல்வெட் திரையின் முன் நடித்தார். கறுப்பு ஒளியைத் திருப்பாது. படச்சுருளில் சட்டை மட்டும் பதியும். பிறகு அதை வேறொரு காட்சியோடு பொருத்திவிட்டார்கள். அவர் முகம் படத்தின் கடைசியில், இறந்தபின்தான் தெரிகிறது. உயிரோடிருக்கும்வரை எவர் கண்ணுக்கும் படாத ஒருவன், செத்தபிறகே முகம் பெறுகிறான். இக்கதையைத் தன்பால் ஈர்ப்பாளர் ஒருவர் எடுத்தார் என்று அறிந்தபின் பார்த்தால் மனம் வேறு எங்கோ போகிறது.

1934-இன் நடுவில் ஹாலிவுட் தணிக்கை விதிகள் இறுகின. 1930-லேயே எழுதி வைத்த விதிகள்தாம். ஆனால் அதுவரை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. ஜோசப் பிரீன் என்பவர் பொறுப்பேற்றபின் அவர் அலுவலகத்தின் ஒப்புதல் இல்லாமல் எந்தப் பெரிய நிறுவனத்தின் படமும் வெளிவர முடியாமற்போயிற்று. தன்பால் ஈர்ப்பை விகாரம் என்று வகைப்படுத்தி, அதைக் குறிப்பாகக்கூடக் காட்டக்கூடாது என்றன விதிகள். இந்த இறுக்கத்தில் வேல் எடுத்த படம்தான் 1935-இல் வந்த 'பிராங்கன்ஸ்டைனின் மணமகள்'. பிரீன் அலுவலகம் கடவுளோடு ஒப்பிடும் வசனங்களை நீக்கச் சொன்னது, கொலைகளின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொன்னது, நடிகையின் கழுத்துப்பகுதி அதிகம் தெரிகிறது என்றது. கதையின் நடுவில் உட்கார்ந்திருந்த ஒன்றை அது கண்டுகொள்ளவில்லை.

பிரிட்டோரியஸ் என்றொரு வயோதிகர். பல்கலைக்கழகத்திலிருந்து விரட்டப்பட்டவர். மெலிந்த விரல்கள், குத்தலான பேச்சு. பிராங்கன்ஸ்டைன் புது மனைவியோடு இருக்க வேண்டிய நேரத்தில் இரவில் கதவைத் தட்டி உள்ளே வருகிறார். மனைவியை விட்டு என்னோடு வா, நாம் இருவரும் சேர்ந்து உயிரைப் படைப்போம் என்று அழைக்கிறார். அவனும் போய்விடுகிறான். இவ்வேடத்தில் நடித்தவர் வேலின் நண்பர் எர்னஸ்ட் தெசிகர், பூத்தையலில் கைதேர்ந்தவர். பிரிட்டோரியஸைப் பார்த்துச் சிரிப்பும் அச்சமும் சேர்ந்தே வருகின்றன. ஆனால் இந்தப் பாத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு தன்பால் ஈர்ப்பாளரைப் படம் காட்டிவிட்டது என்று மகிழ எனக்கு விருப்பமில்லை. குடும்பத்தைக் கெடுக்க வரும் கிழவர் என்பது எதிரிகள் வரையும் சித்திரமும்கூட.

நான் போற்றுவது காட்டுக் குடிசைக் காட்சியை. ஊர்மக்கள் தீப்பந்தங்களோடு துரத்த, காயத்தோடு ஓடிவரும் அரக்கன் வயலின் இசையைக் கேட்டு நிற்கிறான். குடிசைக்குள் கண் தெரியாத முதியவர் ஒருவர் தனியே வாழ்கிறார். முகத்தைப் பார்க்க முடியாதவர் ஆகையால் வந்தவனை அஞ்சாமல் வரவேற்கிறார். காயத்தைத் தடவிப் பார்க்கிறார், கஞ்சி கொடுக்கிறார். நண்பன் ஒருவனை அனுப்பி வைத்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லி அழுகிறார். அரக்கனின் கன்னத்திலும் நீர் வழிகிறது. பிறகு அவனுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிறார். ரொட்டி, மது, நண்பன், நல்லது, கெட்டது. அவன் கற்ற முதற்சொற்கள் இவை. இருவரும் சுருட்டுப் புகைத்து, இசை கேட்டு, ஒரு வீட்டில் வாழ்கிறார்கள். அப்போது வேட்டைக்காரர் இருவர் வழி கேட்டு வருகிறார்கள். அவர்களுக்குக் கண் தெரியும், ஆகவே கூச்சலிடுகிறார்கள். கைகலப்பில் குடிசை தீப்பற்றுகிறது. முதியவரைக் காப்பாற்றுவதாக நினைத்து இழுத்துப் போகிறார்கள். அரக்கன் எரியும் வீட்டுக்குள் நின்று நண்பனை அழைக்கிறான்.

அந்தப் படம் முழுவதிலும் நிம்மதியான இல்லம் என்று ஒன்று இருந்தால் அது அந்தக் குடிசைதான். விஞ்ஞானியின் மாளிகையில் அமைதி இல்லை. அரக்கனுக்கென்றே செய்த மணமகளோ அவனைக் கண்டதும் அலறுகிறாள். அவ்வேடத்தில் நடித்த எல்சா லான்செஸ்டர் லண்டன் பூங்காவின் அன்னங்கள் சீறுவதைப் பார்த்து அந்தச் சீற்றத்தை எடுத்துக்கொண்டாராம். ஒருவனுக்கு ஒருத்தி என்று ஊர் வகுத்த ஏற்பாடு முடியாமற்போகிறது. ஏற்பாடில்லாமல் அமைந்த இருவர் வாழ்வையோ ஊர் தீயிட்டுக் கலைக்கிறது.

வேல் இதை எண்ணித்தான் எடுத்தாரா? 1981-இல் விட்டோ ருசோ என்ற ஆய்வாளர் திரைப்படங்களில் தன்பால் ஈர்ப்பாளர்களைப் பற்றி எழுதிய நூலுக்குப்பின் பலர் ஆம் என்கிறார்கள். டேவிட் லூயிஸும், வேலின் வாழ்க்கையை எழுதிய ஜேம்ஸ் கர்ட்டிசும் இல்லை என்றார்கள்: அவர் கலைஞர், தம்மைப் பற்றிப் படம் எடுக்கவில்லை என்பது அவர்கள் வாதம். உடன் வாழ்ந்தவரின் சொல்லைத் தள்ள நமக்கு உரிமை இல்லை. ஆனால் போர்க்களத்தில் உருக்குலைந்த உடல்களைக் கண்டவர், கைதி முகாமில் ஆண்களின் நட்பால் உயிர் தரித்தவர், சட்டத்துக்குப் புறம்பான இல்லத்தில் மாலைதோறும் விளக்கேற்றியவர் இந்தப் படத்தை எடுத்தார். தன்னைப் பற்றி எழுதவில்லை என்று நினைத்துக்கொண்டே தன்னை எழுதிவிடுவது எழுத்தாளர்களுக்கே உள்ள இயல்பாயிற்றே. என் கட்சி குடிசையின் பக்கம்தான்.

பின்கதை சுருக்கமானது. 1936-இல் 'ஷோ போட்' என்ற இசைப்படம் அவர் உச்சம். அதே ஆண்டு யூனிவர்சல் நிறுவனம் கைமாறியது. அவரை ஆதரித்த லெம்லி குடும்பத்தார் வெளியேறினார்கள். 1937-இல் போருக்குப் பிந்திய ஜெர்மன் வீரர்களைப் பற்றிய படம் எடுத்தபோது, லாஸ் ஏஞ்சலிஸிலிருந்த நாஜி ஜெர்மனியின் தூதர் நடிகர்களுக்கே மிரட்டல் கடிதம் அனுப்பினார். ஜெர்மன் சந்தைக்கு அஞ்சிய புது நிர்வாகம் அவரைக் கேளாமல் படத்தை வெட்டி ஒட்டியது. அந்தக் கசப்பிலிருந்து அவர் மீளவில்லை. 1941-க்குப்பின் திரையரங்குக்கு வந்த படம் எதையும் அவர் எடுக்கவில்லை. சேர்த்த பணம் இருந்தது. லூயிஸ் வண்ணமும் தூரிகையும் வாங்கித் தர, மீண்டும் ஓவியம் தீட்டத் தொடங்கினார்.

1950-களின் தொடக்கத்தில் ஐரோப்பா சென்றவர் அங்கே கண்ட ஓர் இளைஞரை உடன் அழைத்து வர விரும்பினார். லூயிஸ் வீட்டைவிட்டு வெளியேறினார், நட்பைவிட்டு வெளியேறவில்லை. 1956-இல் பக்கவாத நோய் வேலைத் தாக்கியது. மருத்துவமனையில் மனச்சோர்வுக்கு மின்னதிர்ச்சிச் சிகிச்சை அளித்தார்கள். அரக்கனுக்கு மின்சாரத்தால் உயிர் தந்தவருக்கு அது உதவவில்லை. 1957 மே 29-ஆம் நாள் தம் வீட்டு நீச்சல் குளத்தில் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 67. எழுதி வைத்த கடிதத்தை லூயிஸ் பல்லாண்டுகள் வெளியிடவில்லை. ஆகவே விபத்து என்றே உலகம் நம்பியது. லூயிஸ் தம் இறுதிக் காலத்தில்தான் அதைத் தந்தார்.

வேல் இறந்து பத்தாண்டுகளுக்குப்பின் 1967-இல் இங்கிலாந்தின் சட்டம் மாறியது. 1976-இல் கலிபோர்னியாவிலும் அக்குற்றம் நீங்கியது. 1998-இல் அவர் இறுதி நாட்களைக் கற்பனை கலந்து சொல்லும் 'காட்ஸ் அண்ட் மான்ஸ்டர்ஸ்' என்ற படம் வந்தது. அதில் வேலாக நடித்த இயன் மெக்கெல்லன், தாம் தன்பால் ஈர்ப்பாளர் என்று ஊரறியச் சொன்னவர். சில ஆண்டுகளில் அதே நடிகர் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மாயக்கதைப் படத்தில் வெண்தாடி மந்திரவாதி காண்டால்பாக உலகக் குழந்தைகளையெல்லாம் கவர்ந்தார். 2001-இல் டட்லியில் வேலுக்கு நினைவுச் சிற்பம் எழுப்பினார்கள். திரைப்படச் சுருள் ஒன்றின் வடிவம். அதில் அரக்கனின் முகம்.

வேலின் அஸ்தியை கலிபோர்னியாவில் கிளெண்டேல் நகரக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு மாடத்தில் வைத்திருக்கிறார்கள். வயதை மாற்றி மாற்றிச் சொன்ன பழக்கத்தால், அதன்மேல் பிறந்த ஆண்டு 1893 என்று பிழையாகப் பொறித்திருக்கிறது. முப்பதாண்டு கழித்து, 1987-இல் டேவிட் லூயிஸ் காலமானார். அவருடைய அஸ்தியை அந்த மாடத்துக்கு எதிர்மாடத்தில் வைத்தார்கள்.